வரவு செலவுக் குறிப்புகள்: கோலாலம்பூர் செந்தூல் நாடகக் குழுவின் பொருளாளர் மேசையிலிருந்து

ஜனவரி 8, 2025

நாடகத்துக்குச் செலவு முன்னால் வரும், வரவு பின்னால் வரும். 150 இருக்கை அரங்கில் நான்கு காட்சி என்றால் 600 டிக்கெட். அதில் அறுபது விழுக்காடு விற்றால் 360. ஒன்று 40 வெள்ளி (ரிங்கிட்) என்றாலும் 14,400 வெள்ளிதான். இணையத்தில் விற்றுத் தருபவர்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சி முடிந்த பிறகே தங்கள் கழிவு போக மீதியைக் கொடுப்பார்கள். அரங்க முன்பணம், ஒத்திகைக் கூட வாடகை, பலகை, மிருதங்கக்காரருக்கு அச்சாரம் எல்லாம் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேட்கும். நன்கொடை இந்த இடைவெளியை அடைக்கத்தான். இந்த மாதம் வரும் 500 வெள்ளி, தொடக்க நாளன்று வரும் ஆயிரத்தைவிட மேல்.

ஜனவரி 22

நன்கொடை வாங்கும் கியூஆர் குறியீடு, சங்கமாகப் பதிந்த நம் குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். தலைவர், செயலாளர் யாருடைய சொந்தக் கணக்கும் வேண்டாம். சங்கக் கணக்கு திறக்கப் பதிவுச் சான்றிதழும், கையெழுத்திடுபவர்களை நியமித்த கூட்டக் குறிப்பும் கேட்பார்கள். செயற்குழு மாறியதும் கையெழுத்தையும் மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் பணம் உள்ளே வரும், எடுக்க முடியாது.

அடுத்த தலைவலி, யார் அனுப்பியது என்று தெரியாத 50 வெள்ளிகள். வங்கி அறிக்கையில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். குறிப்புக் கட்டத்தில் 'நாடகம்' என்ற சொல்லும் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் எழுதச் சொல்லி, அந்த வரியைக் குறியீட்டுக்குக் கீழேயே பெரிதாக அச்சடியுங்கள். வேறு தாளில் இருந்தால் ஒருவரும் படிப்பதில்லை.

பிப்ரவரி 13

தைப்பூசம் முடிந்தது. பத்துமலைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் கொடுத்த கை கொஞ்சம் ஓயட்டும். இந்த வாரம் யாரையும் கேட்க வேண்டாம். உண்டியலைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் தெருவில் இறங்கும் யோசனையும் வேண்டாம். தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதைத் தருவது போலீஸ்.

மார்ச் 6

பொருளாக வரும் நன்கொடை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே நாள்தோறும் நடக்கும் கணக்கு. பழைய சோபாவை ஏற்றி வர லோரி வாடகை, நாடகம் முடிந்து தூக்கிப்போட இன்னொரு லோரி. ஆகவே தேவைப் பட்டியலை அளவோடு கொடுங்கள். 'பலகை வேண்டும்' என்று எழுதினால் அலமாரிக் கதவு வரும். மேடைச் சுவருக்கு 8க்கு 4 அடி, 3 மி.மீ. பிளைவுட், சட்டத்துக்கு 1க்கு 3 அங்குல மரம். ஆள் ஏறி நிற்கும் மேடைக்கு 18 மி.மீ. அதில் ஒரு தகடே முப்பது கிலோவை ஒட்டி வரும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

விளக்கு கொடுக்க வருபவரிடம் முதலில் வாட் கேளுங்கள். பழைய ஹாலஜன் விளக்கு ஒன்று 1,000 வாட். 240 வோல்ட், 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,100 வாட். மூன்று விளக்கு மாட்டினாலே விளிம்பு. கூடவே நான்காவதைப் போட்டால் காட்சி நடுவில் இருட்டாகலாம். எல்இடி என்றால் டிஎம்எக்ஸ் இணைப்பு, அதாவது ஒளியையும் நிறத்தையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் இணைப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதது கல்யாண மண்டப விளக்கு. தானாக நிறம் மாறும், சோகக் காட்சியில் முகம் பச்சையாகத் தெரியும்.

கம்பியில்லா மைக் கொடுத்தால் பின்புறம் அலைவரிசையைப் படியுங்கள். 700 மெகாஹெர்ட்ஸில் இப்போது 5ஜி ஓடுகிறது. அதே அலைவரிசையில் இயங்கும் பழைய மைக்கில் இரைச்சலும் துண்டிப்பும் வரும். நல்ல மைக்கும் வியர்வையில் அடைத்துக்கொள்ளும், காட்சிக்கொரு புது பேட்டரி கேட்கும். ஒரு பெட்டி ஏஏ பேட்டரி வாங்கித் தருபவர் பழைய மைக் தருபவரைவிடப் புண்ணியவான்.

புடவையில் பட்டும் பருத்தியும் எடுக்கலாம். பாலியெஸ்டர் விளக்கடியில் பளபளக்கும், தோட்டப்புறக் கதைக்கு ஒட்டாது. நம் ஊர் ஈரத்தில் நெகிழிப் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைத் துணியில் சுற்றுங்கள்.

ஏப்ரல் 17

தொழில் வருமானம் இல்லாத தனிநபர் வருமான வரிக்கு நிரப்பும் பி.இ. பாரத்துக்குக் கெடு இம்மாதம் 30, மின் வழி செலுத்தினால் மே 15 வரை. அதனால் 'வரி ரசீது எங்கே' என்ற அழைப்புகள். நம்மைப் போன்ற குழுவுக்குத் தந்த நன்கொடைக்கு வரிக் கழிவு வேண்டுமானால், அந்தக் குழு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சங்கமாகப் பதிந்திருப்பது வேறு, இந்த அங்கீகாரம் வேறு. அங்கீகாரம் இல்லாத குழு சாதாரண ரசீதில் 'வரி விலக்கு உண்டு' என்று அச்சடித்தால் மாட்டிக்கொள்வது கொடுத்தவர். பணத்துக்கு மட்டுமே அந்தப் பிரிவு. பிளைவுட்டுக்கும் புடவைக்கும் பொருந்தாது.

கொடுத்த முழுத் தொகையும் வரியில் திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கழிவது வருமானத்திலிருந்து, அதுவும் மொத்த வருமானத்தில் 10% வரை. வரிக்குரிய வருமானம் 70,000 வெள்ளிக்கு மேல் 100,000க்குள் இருப்பவருக்கு விகிதம் 19%; ஆயிரம் கொடுத்தால் மிச்சம் 190. டிசம்பர் 31 அன்று கொடுத்தது அந்த ஆண்டுக்கு, மறுநாள் கொடுத்தது அடுத்த ஆண்டுக்கு. ரசீதில் பணம் வந்த தேதியைப் போடுங்கள், எழுதிய தேதியை அல்ல.

ஜூன் 5

மேடையில் அறிவிக்கப்படும் நன்கொடை. மாலை, பொன்னாடை, கைதட்டல், 'ஐயாயிரம் வெள்ளி வழங்குகிறேன்.' கணக்குப் புத்தகத்தில் அதற்கு மதிப்பு பூஜ்யம், வங்கியில் விழும் வரை. மறுநாள் காலையிலேயே நன்றிக் கடிதம், கணக்கு எண், தொகை, தேதி நான்கையும் அவருடைய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பேசியவர் மறந்தாலும் அவருடைய கணக்காளர் மறக்க மாட்டார். ஒரு வாரம் விட்டால் அங்கே வேறு விழா வந்துவிடும்.

பதாகையில் பெயர் போட வேண்டும் என்பவர்களிடம் அளவையும் இடத்தையும் எழுத்தில் வாங்குங்கள். நாடகத்துக்கு நடுவே பேச நேரம் கேட்டால், தொகை எவ்வளவானாலும் இல்லை.

ஜூன் 19

மாதா மாதம் 30 வெள்ளி தரும் நாற்பது பேர் இருந்தால் 1,200 வெள்ளி நிலையாக வரும். ஒத்திகைக் கூடத்துக்கு அதை நம்பிக் கையெழுத்துப் போடலாம். வங்கியில் தானியங்கிப் பரிமாற்றம் போடச் சொல்லும்போது முடிவுத் தேதியையும் கேட்டு எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஓராண்டில் அது சத்தமில்லாமல் நின்றுவிடும், கொடுப்பவருக்கே தெரியாது. பதினோராவது மாதம் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள், அந்த ஆண்டின் வரவு செலவுத் தாளோடு. நிறுத்துகிறேன் என்பவரிடம் காரணம் கேட்க வேண்டாம், ரத்து செய்யும் வழியை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.