அமெரிக்க ஃபெடரல் குற்ற வழக்கு: குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்திலிருந்து படியுங்கள்

நம் ஊரில் பி.எல். முடித்துவிட்டு எல்.எல்.எம். படிக்க அமெரிக்கா வருபவர்கள், ஃபெடரல் (மத்திய அரசின்) குற்றவியல் நடைமுறைக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். கல்லூரியில் சொல்லும் எந்தப் புத்தகமும் போதும். நான் அந்தப் பாடத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரின் இடத்தில் இருந்து படித்தேன். இப்போது என் கையில் வந்திருக்கும் காகிதம் என்ன, அடுத்து நான் எதை முடிவு செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள்? ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனால் விதி எண்கள் தாமாக மனதில் நிற்கும்.

அதற்கு முன், நம் சட்டப் படிப்பு நமக்குள் ஊன்றி வைத்திருக்கும் ஒன்றைக் களைய வேண்டும். இந்தியாவில் போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, இன்றைய சட்டத்தில் 23. இது நமக்கு அவ்வளவு பழகிப்போனதால், விசாரணை அதிகாரியிடம் பேசுவதைப் பெரிய ஆபத்தாகவே நாம் நினைப்பதில்லை. அமெரிக்காவில் அப்படி இருக்க முடியாது. வீட்டு வாசலில் நின்று எஃப்.பி.ஐ. முகவர்கள் கேட்டதற்கு ஒருவர் சொன்ன பதிலை '302' என்ற படிவத்தில் எழுதி வைப்பார்கள். நீதிமன்ற விசாரணையில் அந்த முகவரே கூண்டேறி, "இவர் என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று சாட்சி சொல்லலாம்.

சொன்னது பொய்யாக இருந்தால் அதுவே தனிக் குற்றம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 18ஆம் தலைப்பின் 1001ஆம் பிரிவு. 5 ஆண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஜேம்ஸ் ப்ரோகன் என்ற தொழிற்சங்க அதிகாரியின் வீட்டுக்கு முகவர்கள் வந்து, நிறுவனம் ஒன்றிடமிருந்து பணம் வாங்கினாயா என்று கேட்டார்கள். "இல்லை" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அவர்மீது 1001 பாய்ந்தது. குற்றத்தை வெறுமனே மறுப்பதற்கு விலக்கு கிடையாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், சுருக்கக் குறிப்போடு விட்டுவிடாதீர்கள். முகவர் கதவைத் தட்டும்போது பொய்யும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், வழக்கறிஞர் வழியாகப் பேசுகிறேன் என்ற ஒரு வாக்கியம் போதும் என்று ஏன் எல்லாப் பேராசிரியர்களும் வலியுறுத்துகிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அந்த வாக்கியத்தையும் வாய்திறந்து சொல்ல வேண்டும். பெர்கைஸ் எதிர் தாம்ப்கின்ஸ் வழக்கில் (2010) காவலில் இருந்தவர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பெரும்பாலும் பேசாமலே இருந்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்விக்கு "ஆம்" என்றார். சும்மா இருந்ததாலேயே மௌன உரிமையைக் கோரியதாக ஆகாது என்பது தீர்ப்பு.

தேர்வில் பலருக்கு மதிப்பெண் குறைவது இதற்கு அடுத்த இடத்தில்தான். பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரைக் கேட்கலாம் என்று போலீசார் சொல்ல வேண்டிய மிராண்டா எச்சரிக்கை (1966) அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தைச் சேர்ந்தது. காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டும் அது தேவை. வாசலில் நின்று பேசினால் தேவையில்லை. ஆறாம் திருத்தத்தின் வழக்கறிஞர் உரிமையோ முறைப்படி வழக்கு தொடங்கிய பிறகுதான் பிறக்கிறது. அதுவும் சாட்டப்பட்ட அந்தக் குற்றத்துக்கு மட்டும். "நீங்கள் விசாரணையின் இலக்கு" என்று அரசு வழக்கறிஞர் அனுப்பும் கடிதம் வந்திருக்கிறது, கைது இல்லை, வழக்கும் இல்லை என்று கேள்வியில் இருந்தால், இரண்டு உரிமைகளும் இன்னும் அந்த வடிவில் வரவில்லை என்று எழுதத் தெரிய வேண்டும். ஆனால் சொந்தமாக வழக்கறிஞரை அமர்த்த அதைவிட நல்ல நேரம் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, இனி காகிதங்கள். புகார் மனு என்பது முகவர் சத்தியப் பிரமாணத்தோடு எழுதித் தருவது. அதை வைத்துக் கைது ஆணை வாங்கலாம். ஆனால் ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தை விசாரணைக்குக் கொண்டுபோக கிராண்ட் ஜூரியின் குற்றப்பத்திரிகை வேண்டும், எதிரியே எழுத்தில் விட்டுக்கொடுத்தால் தவிர. கிராண்ட் ஜூரி நமக்குப் பழக்கமில்லாத அமைப்பு. 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள், 12 பேர் ஒத்துக்கொண்டால் போதும். உள்ளே நீதிபதி இல்லை. சாட்சியின் வழக்கறிஞருக்கும் இடமில்லை; சாட்சி வெளியே வந்து கலந்து பேசிவிட்டுத் திரும்பலாம். ஆகவே நம் ஊர் குற்றப்பத்திரிகையோடு இதை ஒப்பிட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். அங்கே போலீஸ் அதிகாரி தாக்கல் செய்கிறார், இங்கே குடிமக்கள் குழு வாக்களிக்கிறது.

காலக்கெடுக்களை ஒரே கோட்டில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கைதானால் தேவையற்ற தாமதமின்றி மாஜிஸ்ட்ரேட் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஜாமீனை எதிர்த்து அரசு அவகாசம் கேட்டால் 3 நாள், எதிரி தரப்பு கேட்டால் 5 நாள். வழக்கைத் தொடரப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் பூர்வாங்க விசாரணை காவலில் இருந்தால் 14 நாளில், வெளியில் இருந்தால் 21 நாளில். அதற்குள் கிராண்ட் ஜூரி குற்றப்பத்திரிகை தந்துவிட்டால் அது நடக்காது. கைதிலிருந்து 30 நாளில் குற்றப்பத்திரிகை, அதன் பிறகு 70 நாளில் நீதிமன்ற விசாரணை. விலக்கப்படும் நாட்கள் ஏராளம் என்பதால் இந்த 70 நடைமுறையில் மாதக்கணக்கில் நீளும். தண்டனைக்குப் பின் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான்.

குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும் நாளில் "குற்றவாளி அல்ல" என்று சொல்வதைப் பொய் என்று நினைத்துத் தயங்குபவர்கள் உண்டு. அது அரசை நிரூபிக்கச் சொல்லும் பதில், அவ்வளவே. ஆவணங்களைக் கேட்டு வாங்கவும், சட்டவிரோதமாகக் கிடைத்த சாட்சியத்தை நீக்கக் கோரி மனுப் போடவும் அது நேரம் வாங்கித் தருகிறது. அந்த மனுக்களை விசாரணைக்கு முன்பே போட்டாக வேண்டும். ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதிகளில் 12ஆம் விதியைக் கரைத்துக் குடியுங்கள்.

தண்டனைக் கணக்குக்கு நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ராஜ் ராஜரத்தினம் வழக்கு. கொழும்பில் பிறந்த தமிழர், கேலியன் என்ற முதலீட்டு நிதியத்தை நடத்தியவர். 2009 அக்டோபரில் கைதானார். தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகளை நீக்கக் கோரிய மனு தோற்றது. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி எனத் தீர்ப்பு. பங்கு மோசடி 9, தலா 20 ஆண்டு. கூட்டுச்சதி 5, தலா 5 ஆண்டு. கூட்டினால் 205 ஆண்டு. செய்தித்தாள் தலைப்புக்கு அந்த எண் போதும், உங்கள் விடைத்தாளுக்குப் போதாது. தண்டனை வழிகாட்டி அட்டவணையில் குற்றத்தின் நிலை 43 வரை, முந்தைய குற்ற வரலாறு 6 வகை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதக் கணக்கு கிடைக்கும். உச்ச நீதிமன்றத்தின் 2005 புக்கர் தீர்ப்புக்குப் பிறகு அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ராஜரத்தினத்துக்குக் கிடைத்தது 11 ஆண்டு. அதே வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுக்குச் சாட்சி சொன்ன அனில் குமாருக்கும் ராஜீவ் கோயலுக்கும் சிறையே இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்புதான். ஃபெடரல் வழக்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்த வித்தியாசம் பெரிய காரணம். எனக்கு இதில் நெருடல் உண்டு. ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்ற விசாரணை கேட்டதற்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறதோ என்று தோன்றும். அதைத் தேர்வில் கொள்கைக் கேள்வி வந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

ஒப்புதல் பேரம் (குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுடன் பேசும் உடன்பாடு) என்று வந்தாலே அடுத்த வரி பாடிய்யா எதிர் கென்டக்கியாக (2010) இருக்கட்டும். கிரீன் கார்டோடு 40 ஆண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர். வியட்நாம் போரில் பணியாற்றியவர். இவ்வளவு காலம் இருந்ததால் குடியேற்றப் பிரச்சினை வராது என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார். ஒப்புக்கொண்ட பிறகு நாடு கடத்தப்படும் நிலை வந்தது. அந்த ஆபத்தைச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்றது உச்ச நீதிமன்றம். எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதன் கனம் தெரியும். 10,000 டாலருக்கு மேல் இழப்பு ஏற்படுத்திய மோசடி என்றால், சிறைக் காலம் சிறியதாக இருந்தாலும் நாடு கடத்தல் ஏறக்குறைய உறுதி.

குற்ற வழக்கையும் குடியேற்ற நடவடிக்கையையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். மிஷிகனில் அரசு முகவர்களே நடத்திய போலிப் பல்கலைக்கழகமான ஃபார்மிங்டன் விவகாரத்தில், 2019இல் மாணவர்களைச் சேர்த்துவிட்ட 8 பேர்மீது ஃபெடரல் குற்ற வழக்கு. சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள், பெரும்பாலும் தெலுங்குப் பிள்ளைகள், எதிர்கொண்டது குடியேற்ற நடவடிக்கை. குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு. குடியேற்ற நீதிமன்றத்தில் அந்த உரிமை இல்லை.

பயிற்சிக்கு நீங்களே ஒரு கதை எழுதிக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் ஒரு ஐ.டி. ஆள்சேர்ப்பு நிறுவனம், விசா மனுவில் போலி வாடிக்கையாளர் கடிதம். விசா மோசடிக்கு 1546ஆம் பிரிவு, கூட்டுச்சதிக்கு 371ஆம் பிரிவு. ஒவ்வொரு குற்றத்தின் கூறுகளையும் பிரித்து, எந்தக் கூறுக்கு அரசிடம் சாட்சியம் மெலிதாக இருக்கிறது என்று தேடுங்கள். 371க்கு ஒப்பந்தமும் வேண்டும், அதை நிறைவேற்ற ஒரு வெளிப்படையான செயலும் வேண்டும். அந்த நிறுவனத்தின் கணக்குப் பிள்ளைக்கு அந்த ஒப்பந்தம் தெரியுமா?

முடிந்தால் ஒரு நாள் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போய் மாஜிஸ்ட்ரேட் நீதிபதியின் அறையில் உட்காருங்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். மன்ஹாட்டனில் பேர்ல் தெரு நீதிமன்றம் என்றால் போனை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டியிருக்கும். நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். ஜாமீன் வாதம் நடக்கும்போது நீதிபதி கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஜாமீன் பற்றிய 3142ஆம் பிரிவைத் திறந்து எந்த உட்பிரிவிலிருந்து அந்தக் கேள்வி வந்தது என்று பாருங்கள்.