முதலில் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்

எங்கள் பம்ப்செட் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வாராந்தரக் கூட்டத்தை நடத்துவது என் பொறுப்பு. சப்மெர்சிபிள் மோட்டார் ஒரே ஊரிலிருந்து திரும்பத் திரும்ப காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) எரிந்து வந்தால் காரணம் தேட வேண்டும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததுமே மூத்த மெக்கானிக் "வோல்டேஜ் கம்மி" என்பார். மீதி நேரம் முழுக்க வோல்டேஜ் பேச்சுதான்.

இப்போது முதல் கால் மணி நேரம் யாரும் பேசுவதில்லை. அவரவர் போனில் ஒரே கூகுள் ஷீட்டைத் திறந்து, பெயர் போடாமல் எழுதுகிறார்கள். போன மாதம் இப்படி ஒரு வரி வந்தது: "கேபிள் ஜாயிண்ட் டேப் போர்வெல்லில் இறக்கும்போதே உரசிப் பிய்ந்துவிடுகிறது. தண்ணீர் அதில்தான் இறங்குகிறது." எழுதியது வேலைக்குப் புதிதாக வந்த பையன். "அண்ணன் வோல்டேஜ்னு சொன்னதுக்கப்புறம் நான் எப்படிங்கக்கா பேசறது?" என்றான் பிறகு.

மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், வரிசையில் காத்திருப்பதே யோசனையைக் கொன்றுவிடும். ஜெர்மனியில் டீல், ஷ்ட்ரோபே என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1987-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்: ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பதுதான் குழுவில் யோசனைகள் குறைய முக்கியக் காரணம். எல்லோரும் ஒரே நேரத்தில் கணினியில் தட்டினால் அந்தக் காத்திருப்பே இல்லை. கேலூப் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1992-இல் வெளியிட்ட சோதனைகளில், பன்னிரண்டு பேர் கொண்ட பெரிய குழுவில் கணினி வழி யோசனைகள் பேச்சை நன்றாகவே முந்தின. இரண்டு பேர் மட்டும் என்றால் அந்த லாபம் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் வீடியோ காலுக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. வீடியோவிலும் ஒருவர் பேச மற்றவர்கள் காத்திருக்கத்தானே வேண்டும்! 2022-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வில், வீடியோவில் பேசிய ஜோடிகளுக்கு நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகளே வந்தன. கண் திரையிலேயே நிற்பதால் சிந்தனையும் குறுகிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் வீடியோக்காரர்கள் பின்தங்கவில்லை.

ஆனால் எங்கள் தொழிலில் தேர்ந்தெடுக்கவும் கை வேண்டும். அந்த ஜாயிண்டை மேஜையில் வைத்து பிளேடால் கீறினோம். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. மூத்தவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, அந்தப் பையனிடம் எந்த ஊர் போர்வெல், எத்தனை அடி என்று கேட்க ஆரம்பித்தார்.