எஃப்ஐஆருக்கு முன்னால் நிற்கும் மனுக்கள்

சென்னையில் பெண்கள் மீதான வன்முறையைக் காவல்துறைப் பதிவுகள் வழியே ஆராய வருகிறவர்கள் முதலில் கேட்பது எஃப்ஐஆர் கணக்கைத்தான். அதோடு நின்றால் பெரும்பகுதி கண்ணில் படாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் (முதலாவது 1992இல் ஆயிரம் விளக்கில் வந்தது) குடும்பச் சண்டை, அடிதடி எல்லாம் பெரும்பாலும் மனுவாகத்தான் நுழைகின்றன. மனுவைப் பெற்றதற்கு சிஎஸ்ஆர் (சமுதாயப் பணிப் பதிவேடு) ரசீது தருவார்கள். எதிர்மனுதாரரை வரச் சொல்லி, இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று எழுதி வாங்கி முடித்துவிடுவார்கள். எஃப்ஐஆர் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

ஆகவே பார்க்க வேண்டியது சிஎஸ்ஆர் பதிவேடு. அனுமதிக் கடிதம் வேப்பேரி ஆணையரகத்தில் கிடைத்தாலும், பதிவேட்டைத் தேடி எடுத்துத் தர வேண்டியவர் ஸ்டேஷன் ரைட்டர், அதாவது நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் காவலர். அவருக்கு வேலை குறைவான நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. மனு வந்த தேதி, விசாரணைக்கு அழைத்த தேதி, முடித்த தேதி, முடித்த விதம், காயம் பற்றிய குறிப்பு ஆகியவற்றைக் குறித்தால் போதும். மனுதாரர் வராமல் போனதும் மனம் ஒத்துப் போனதும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கலாம். கடைசி வாக்குமூலத்தையும் படித்துவிட்டுப் பிரிக்க வேண்டும்.

அடி வாங்கியவரே மறுபடி வருகிறாரா என்பதுதான் கடினமான கேள்வி. ஒவ்வொரு மனுவுக்கும் புது எண், ஆண்டு மாறினால் வரிசையும் புதிது. ஒரு மனுவில் அப்பா இனிஷியல், அடுத்ததில் கணவர் இனிஷியல். தாய் வீட்டுக்குப் போயிருந்தால் ஸ்டேஷனே வேறு. பெயரை வைத்துத் தேடினால் தவறும். எதிர்மனுதாரர் பெயர், முகவரி, திருமண ஆண்டு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒப்பிடும் வேலையை அங்கேயே முடித்து, பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண்ணை மட்டும் வெளியே எடுத்து வரலாம்.

ஆண்டு ஒப்பீட்டில் இரண்டு இடத்தில் சறுக்கும். 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி தனி ஆணையரகங்கள் ஆயின. அதற்கு முந்தைய ‘சென்னை’ எண்ணிக்கையை அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. கணவர் வீட்டாரின் கொடுமைக்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 85 ஆகிவிட்டது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனைக் குற்றங்களில், எஃப்ஐஆருக்கு முன் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173(3) வழிவிடுகிறது. எஃப்ஐஆர் குறைந்ததால் வன்முறை குறைந்தது என்று எழுதுவது அவசரம்.

பெண்களிடம் பேசுவதை ஸ்டேஷனுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. பேச்சில் குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ 19ஆவது பிரிவுப்படி ஆராய்ச்சி செய்பவரும் புகார் தந்தாக வேண்டும். இதை முதல் கேள்விக்கு முன்பே பேச வரும் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியில் ஒளித்து வைக்கும் வழக்கம் சரியல்ல.