கந்தோர்க் கடிதக் கையும் கல்லூரிக் கட்டுரையும்

உயர்தரம் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் காட்சி எல்லாம் ஆன பிறகு மறுபடி எழுத்து வகுப்பில் வந்து உட்காருகிறவர்கள், முதல் ஒப்படை கைக்கு வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "இங்கிலிஷ் மறந்து போச்சு." பெரும்பாலும் அது உண்மை இல்லை. நாளுக்கு இருபது மின்னஞ்சல் எழுதுகிறவருக்கு மொழி எங்கே மறக்கும்? மறந்தது வேறு. ஒரு கருத்தைச் சொல்லி, சான்று காட்டி, அந்தச் சான்று எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கி முடிக்கும்வரை அதே இடத்தில் நிற்கிற பழக்கம்தான் போய்விட்டது.

கந்தோர் எழுத்துக்கு அது தேவைப்படுவதில்லை. "மேற்படி விடயம் தொடர்பாக உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்றால் கடிதம் முடிந்தது. யார் எடுப்பார், எப்போது எடுப்பார் என்று எழுதாமல் விடுவதுதான் அங்கே கெட்டித்தனம். வகுப்பில் அதே வாக்கியத்தின் ஓரத்தில் "யார்?" என்று சிவப்புப் பேனை கேட்கும்.

பள்ளிக்கூடக் கட்டுரை வேறு விதமாகக் காலை வாரும். கொழும்பு வெள்ளத்தைப் பற்றி எழுதச் சொன்னால் கை தானாக இப்படித் தொடங்கும்: "கொழும்பு இலங்கையின் வர்த்தகத் தலைநகரம் ஆகும். மழைக்காலத்தில் இங்கு வெள்ளம் ஏற்படுவது வழக்கம். இதனால் மக்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்." மூன்றும் சரியான வாக்கியங்கள். மூன்றையும் யாரும் மறுக்க மாட்டார்கள். அதனாலேயே புள்ளியும் விழாது. பதிலாக இதை எழுதிப் பாருங்கள்: "சதுப்பு நிலங்களை நிரப்புவது நிற்காவிட்டால், கால்வாய்களை அகலமாக்குவதால் மட்டும் கொழும்பின் வெள்ளம் குறையாது." இதோடு ஒருவர் சண்டைக்கு வரலாம். அப்படி வரக்கூடிய வாக்கியம்தான் கட்டுரையைத் தாங்கும்.

அடுத்தது சான்று. 2016 மே மாதம் கொழும்பை ஒட்டிய கொலன்னாவை மூழ்கியதை உடனே தூக்கிப் போடத் தோன்றும். ஆனால் அப்போது களனி கங்கையும் கரை மீறியது. அதைப் பிரித்துச் சொல்லாமல் முழுப் பழியையும் நிரப்பிய நிலத்தின் தலையில் கட்டினால் பந்தி அங்கேயே உடையும். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றதும் உண்மைதான். ஆனால் நிலத்தை நிரப்புவதால் வெள்ளம் கூடுகிறது என்பதை அது நிறுவாது. உண்மையான தகவல் எல்லாம் சான்று ஆகிவிடாது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறவர்கள் அதிகம் புள்ளி இழப்பது இந்த இடத்தில்தான், இலக்கணத்தில் அல்ல.

அளவையும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். 1500 சொல் கேட்டால் முன்னுரைக்கு 150, முடிவுரைக்கு 150. மிச்சம் 1200. ஒரு பந்தியை ஒழுங்காகக் கட்ட ஏறத்தாழ 200 சொல் வேண்டும் என்றால் ஆறு பந்திதான், ஆறு கருத்துத்தான். பலர் பன்னிரண்டு கருத்தோடு வந்து ஒவ்வொன்றுக்கும் நாலு வரி கொடுத்து முடிக்கிறார்கள். ஆறைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியமாகக் கொப்பியில் எழுதுங்கள். "வடிகால்" என்று தலைப்பு மட்டும் போட்டு வைத்தால் இரண்டு நாள் கழித்து என்ன நினைத்தோம் என்று உங்களுக்கே விளங்காது. முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். அதை முதலில் எழுதித்தான் பலர் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறார்கள்.

தமிழ் மூலம் படித்தவர்களின் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வருகிற பிழைகள் சிலவே. தமிழில் 'என்றாலும்' போட்ட பிறகு 'ஆனால்' வந்தாலும் காதுக்கு உறுத்தாது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்' வரக்கூடாது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'எபவுட்' வேண்டாம். 'தி', 'எ' இரண்டுக்கும் தமிழில் நேரான சொல் இல்லாததால், அவற்றுக்காக மட்டும் ஒருமுறை தனியாக வாசிக்க வேண்டும். எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் பார்த்தால் இவைதான் தப்பும். வேர்டில் திருத்த மொழி பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தில் நிற்கும். முழுக் கட்டுரையையும் தெரிவுசெய்து பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தமிழில் ஒப்படை எழுதுகிறவர்களுக்குப் பாமினி என்ற பழைய எழுத்துரு ஒரு பொறி. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் விரிவுரையாளருக்குத் தெரிவதும் அதுவே. யூனிகோடில் அடியுங்கள், பழைய கோப்பு என்றால் மாற்றியில் போட்டு எடுத்து, கொம்புகளையும் கால்களையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

உசாத்துணைக்கு வருவோம். ஏபிஏ என்ற உசாத்துணை முறையைக் கேட்டால் இப்போது நடப்பது 7ஆம் பதிப்பு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் என்றால் முதல் தடவையிலிருந்தே முதல் பெயரும் 'மற்றும் பிறரும்' போதும். 40 சொல்லோ அதற்கு மேலோ உள்ள மேற்கோள் மேற்கோள்குறி இல்லாமல் தனிப் பந்தியாக உள்தள்ளி நிற்கும். பட்டியலில் இரண்டாம் வரியிலிருந்து அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி அதைச் செய்யாதீர்கள். வேர்டில் கன்ட்ரோலையும் ரீயையும் (Ctrl+T) சேர்த்து அழுத்தினால் தானாக வரும்.

எங்கள் பெயர்கள்தான் மென்பொருளுக்குப் பெரிய தலையிடி. கா. சிவத்தம்பி என்றால் சிக்கல் இல்லை: பட்டியலில் 'சிவத்தம்பி, கா.' ஆனால் சொந்தப் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் நிற்கும் கட்டுரைகளில், மேற்கோள் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து, எழுதாத தகப்பனை ஆசிரியர் ஆக்கிவிடும். அட்டையில் அந்த ஆசிரியர் தன்னை எப்படிக் குறித்திருக்கிறார் என்று பார்த்துக் கையால் திருத்துங்கள். 'நூலகம்' என்ற ஈழத்தமிழ் எண்ணிம நூலகத்தின் இணையத்தளத்திலிருந்து எடுத்த நூலுக்குப் பக்க எண் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். பிடிஎஃப் காட்டும் எண் அட்டையையும் முன்பக்கங்களையும் சேர்த்து எண்ணியது. தாளில் அச்சாகியிருக்கும் எண்தான் வேண்டும். இணையத்தில் அகப்படாததை வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடலாம். பழைய பத்திரிகை என்றால் கொழும்பு 7இல் உள்ள சுவடிகள் திணைக்களம்.

ஒப்படையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டேர்னிட்டின் மென்பொருள் காட்டும் வீதத்தைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். அது ஒப்புமையைக் காட்டுகிறது. களவா இல்லையா என்று சொல்வதில்லை. உசாத்துணைப் பட்டியலும் ஒழுங்காகக் காட்டிய மேற்கோள்களும் சேர்ந்தே எண்ணை ஏற்றிவிடும். அங்குமிங்குமாகச் சிதறிய 20 வீதத்தைவிட, ஒரே மூலத்திலிருந்து ஒரே கட்டியாக வந்த 8 வீதம்தான் சிக்கல். தமிழ் நூலில் இருந்ததை ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர் சொல்லாமல் எழுதினாலும் அது களவுதான், மென்பொருள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

கடைசியாகக் கை. கணினியிலேயே வேலை செய்தவர்களுக்கு மூன்று மணித்தியாலப் பரீட்சையில் முதலில் தோற்பது விரல்கள்தான். இரண்டாம் வினாவிலேயே எழுத்து சரியத் தொடங்கும். ஆறு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். முதல் கிழமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருபது நிமிடம், பிறகு கிழமைக்குப் பத்து நிமிடம் கூட்டலாம். வீட்டில் கிடக்கிற விளம்பரப் பேனை வேண்டாம். பரீட்சைக்குக் கொண்டுபோகப் போகிற அதே பேனையால், கோடு போட்ட ஏ4 தாளில், கடிகாரத்தை முன்னால் வைத்து எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று தாளின் மூலையில் குறித்து வையுங்கள். வினாவுக்கு எத்தனை பக்கம் எழுதலாம் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.