ஒரு செவ்வகத்தை நம்பி

ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் கேளிக்கைப் பூங்காவில், அது திறக்கப்பட்ட 1971 முதல் இருந்துவந்த செயற்கை ஆறு 2025 ஜூலையில் மூடப்பட்டதிலிருந்து, அங்கே எழவிருக்கும், ‘கார்ஸ்’ திரைப்படங்களை ஒட்டிய புதிய பகுதியின் வரைபடத்தை ரசிகர்கள் தாங்களாகவே வரைந்துகொண்டிருக்கிறார்கள். டிஸ்னி நிறுவனம் வெளியிடும் வண்ண ஓவியங்களைவிட, தெற்கு ஃபுளோரிடா நீர் மேலாண்மை அமைப்பிடம் அளிக்கப்படும் அனுமதி விண்ணப்பங்களையே நான் அதிகம் நம்புகிறேன். ஏனெனில் மழைநீர் எங்கே வடியும், எந்தப் பகுதியில் மண் நிரப்பப்படும் என்பதை அவற்றில் அழகுபடுத்திச் சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தில் ஒரு செவ்வகத்தைக் கண்டதுமே அதற்குள் தண்டவாளத்தையும் சுரங்கத்தையும் பொருத்திப் பார்ப்பது (நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்) வெறும் ஆசையே. அந்தச் செவ்வகம் கழிப்பறையாகவும் இருக்கலாம். வான்வழிப் படங்களில் அடித்தளம் தெரியும் வரை, சவாரியின் நீளத்தைப் பற்றிய எந்தக் கணக்கையும் நான் ஏற்கப்போவதில்லை.