டம்ளருக்கு அடியில் காளான்: ஸ்போர் அச்சு எடுத்துப் பார்த்த நான்கு வாரம்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கண்ணில் படும் காளானையெல்லாம் அச்சு எடுத்து வருகிறேன். ஸ்போர் என்பது காளான் இனம் பெருக்க உதிர்க்கும், விதை போன்ற நுண்ணிய தூள். குடையைக் காம்போடு சேராமல் அறுத்து, பாதி வெள்ளை பாதி கறுப்பாக ஒட்டிய தாளில் செவுள் (குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய மடிப்புகள்) கீழே பார்க்க வைத்து டம்ளரால் மூட வேண்டும். விடிந்ததும் செவுள் வரிகள் தூளாகத் தாளில் இறங்கியிருக்கும். 1821-ல் சுவீடனின் எலியாஸ் ஃபிரைஸ் குடைக்காளான்களை வகை பிரிக்க இந்தத் தூளின் நிறத்தைத்தான் பெரிதும் நம்பினார்.

முதலில் அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்கிய சிப்பிக்காளான். டம்ளர் போடாததால் ஃபேன் காற்றில் தூள் பறந்துவிட்டது. மறுமுறை மூடி வைத்தேன். கறுப்புப் பாதியில் வெள்ளை விசிறி அழகாக விழுந்தது.

இரண்டாவது வாரம் நாகமலைப் பக்கம் எங்கள் ஊர்ப் படப்போரம் முளைத்த மைக்காளான். இரவு முழுக்க வைத்தேன், காலையில் குடையே இல்லை, கறுப்புக் குழம்புதான் கிடந்தது. இந்தக் காளான் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். அடுத்த நாள் பாதி விரிந்த குடையை மூன்றே மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். கரிக்கட்டையால் கோடு போட்டதுபோல் அச்சு!

மை வடிக்கும் காளான்களை வெகுகாலம் கோப்ரினஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. பார்த்ததும் 2001-ல் அது உடைந்தது. செதிலோடு நெடுநெடுவென வளரும் கோப்ரினஸ் கோமேட்டஸ், கடையில் விற்கும் பட்டன் காளானின் குடும்பத்துக்குப் போனது. மற்ற மைக்காளான்களில் பெரும்பாலானவை வேறு குடும்பம். மையாகக் கரைவதை இரண்டும் தனித்தனியே கற்றிருக்கின்றன. என்னை அசர வைத்தது இதுதான்.

மூன்றாவது வாரம், புல்தரையில் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடை. "வெள்ளையாத்தானப்பா இருக்கு, குழம்பு வச்சா என்ன?" என்றார் அப்பத்தா. அச்சு மங்கிய பச்சையில் வந்தது. இது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளான், தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பாடாய்ப்படுத்தும். இதுவும் பட்டன் காளான் குடும்பம்தான். அச்சு வெள்ளையாக வந்தாலும் தைரியமாகச் சமைத்துவிடாதீர்கள், ஆளைக் கொல்லும் அமனிட்டா என்ற விஷக்காளானின் தூளும் வெள்ளைதான்.

இந்த வாரம் பால்காளான் அச்சு எடுத்தேன், வெள்ளை. இதற்கு உறவான புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. ஒரே குடும்பம், நிறம் மட்டும் வேறு. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த மழைக்குக் கரையான் புற்று இருக்கும் இடம் காட்டுவதாக அப்பத்தா சொல்லியிருக்கிறார். தாள் ஒட்டித் தயாராக வைத்திருக்கிறேன்.