சோளிங்கரும் ஸ்காட்லாந்துக் கொடியும்

சோளிங்கர் என்றால் நமக்கு மலைமேல் நரசிம்மர்தான். ஆனால் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தின் ரெஜிமென்டாக (படைப்பிரிவாக) இருந்த ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் போர்ப்பெருமைப் பட்டியலிலும், அதாவது அது பேர் வாங்கிய போர்களின் பட்டியலிலும், அந்தப் பெயர் இருக்கிறது, நம்புவீர்களா? 1781 செப்டம்பரில் அங்கே ஹைதர் அலியோடு நடந்த சண்டைதான் காரணம். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தலைமையில் போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில், பின்னாளில் 71ஆவது ரெஜிமென்ட் ஆன மெக்லியோட்டின் ஹைலேண்டர்கள் என்ற ஸ்காட்லாந்துப் படையினரும் இருந்தார்கள். படையில் பெரும்பகுதி என்னவோ நம்ம ஊர்ச் சிப்பாய்கள்தான், அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அப்புறம் 1803இல், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் அசாயேயில் நடந்த போர். மராத்தியர்களின் பீரங்கிகளுக்கு நேராகப் போய் மாட்டிக்கொண்ட இன்னொரு ஸ்காட்லாந்துப் படையான 74ஆவது ரெஜிமென்ட் கிட்டத்தட்ட அழிந்தே போனது, அன்று களத்தில் இருந்த அதன் அதிகாரிகள் ஏறக்குறைய எல்லோரும் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அதற்குப் பரிசாகக் கிடைத்தது யானைச் சின்னமும், வழக்கமான இரண்டு கொடிகளோடு மூன்றாவதாக ஒரு கொடியும்!

1881இல் 71, 74 இரண்டையும் சேர்த்துத்தான் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியை உருவாக்கினார்கள். 1959இல் இன்னொன்றோடு இணைத்தார்கள், 2006இல் அதையும் மற்ற ஸ்காட்லாந்துக் காலாட்படை ரெஜிமென்ட்கள் சிலவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பெயர்தான் மாறிக்கொண்டே போனது, அசாயே கொடியை மட்டும் விடவில்லை.